குறிஞ்சி ஆண்டவர் மலையும் குறிஞ்சித் தேனும்

பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். கோடையில் அங்கே குளிர்ச்சி தேடிச் செல்வோர் எண்ணிலர். ஏரியைச் சுற்றிவிட்டு, தூண் பாறையைக் கண்டுவிட்டு, அன்று மாலையே திரும்பிவிடுவோரும் பலர். ஆனால் முருகனடியார்களுக்குக் கொடைக்கானல் பயணம் நிறைவு பெறும் இடம் வேறு. ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், மலைச்சரிவை நோக்கி அமைந்திருக்கும் குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயிலே அது.

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப்பட்டது. அந்நிலத்திற்கு உரிய தெய்வம் சேயோன் ஆகிய முருகப்பெருமான். நிலத்திற்குப் பெயர் தந்ததோ அம்மலையில் பூக்கும் ஒரு சிறு செடி. தெய்வம், நிலம், மலர் ஆகிய மூன்றையும் ஒரே பெயருக்குள் அடக்கிய சந்நிதி இது.

இக்கோயில் 1936ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. எழுப்பியவர் ஐரோப்பிய மரபில் பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, லீலாவதி எனப் பெயர் பூண்ட அம்மையார். இலங்கையில் சைவத்தையும் தமிழையும் வளர்த்த சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் அவர். கொழும்பில் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் கருங்கல்லால் எழுப்பிய குடும்பத்தின் அறப்பணி, கொடைக்கானல் மலையிலும் ஒரு முருகன் கோயிலாய்த் தழைத்தது. கோயிலின் முற்றத்தில் நின்று வடக்கே நோக்கினால், வானம் தெளிந்த நாள்களில், கீழே சமவெளியில் பழனித் திருநகர் தெரியும். மலைமேல் இருக்கும் குறிஞ்சி ஆண்டவரும் மலையடியில் இருக்கும் தண்டாயுதபாணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதாக அடியார்கள் எண்ணி மகிழ்வதில் வியப்பில்லை.

பன்னிரு ஆண்டின் மலர்

குறிஞ்சிச் செடி இடுப்பளவு உயரம் வளரும் புதர். பிற செடிகளைப் போல ஆண்டுதோறும் அது பூப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து, ஒரே பருவத்தில் மலைச்சரிவு முழுவதும் நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் மலர்கிறது. பூத்துக் காய்த்து விதையுதிர்த்த பின் அச்செடி மாய்ந்துவிடுகிறது. உதிர்ந்த விதைகளிலிருந்து அடுத்த தலைமுறை முளைத்து, மீண்டும் பன்னிரண்டு ஆண்டுத் தவத்தைத் தொடங்குகிறது. 1994, 2006, 2018 என அண்மைக் காலத்தில் இம்மலைகள் பூத்தன. இனிப் பெருமளவில் பூக்கவேண்டியது 2030ஆம் ஆண்டில்.

பன்னிரு தோளும் பன்னிரு விழியும் உடைய பெருமானுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் மலர் உரியதாயிற்று என்று அடியார்கள் சொல்வது வழக்கம். இம்மலைகளின் தொல்குடிகளான பளியர், குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்பதைக் கொண்டே தம் வயதைக் கணக்கிட்டனர் என்பர். அக்கணக்கில் எழுபது வயதானவர் ஒருவர் ஐந்து அல்லது ஆறு குறிஞ்சிகளைக் கண்டவர். ஒரு மனித வாழ்வில் இம்மலர் எத்தனை அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மலர் அரிதானால் அதன் தேனும் அரிதாகத்தானே இருக்கும்? குறிஞ்சிப் பூவின் தேன் தமிழர் அறிந்த பழம்பொருள். குறுந்தொகையின் மூன்றாம் பாடலிலேயே தேவகுலத்தார் என்னும் புலவர் அதனைக் குறிப்பிடுகிறார். வள்ளியம்மை தினைப்புனத்தில் கிழவராய் வந்த முருகனுக்குத் தேனும் தினைமாவும் தந்த வரலாற்றை அறியாத முருக பக்தர் இல்லை. இன்றும் தேன் கலந்த தினைமாவு அவன் சந்நிதிகளில் விருப்பமான நிவேதனம். அபிஷேகப் பொருள்களின் வரிசையிலும் தேனுக்குத் தனி இடம் உண்டு. தேனபிஷேகம் செய்வித்தால் இனிய குரலும் இசைத்திறமும் வாய்க்கும் என்பது ஆன்றோர் கொள்கை.

தேனை ஈட்டுவோர்

சித்த மருத்துவ நூல்கள் மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் எனத் தேன் கிடைக்கும் இடத்தைக் கொண்டு அதனை வகைப்படுத்தின. இவற்றுள் மலைத்தேன் என்பது செங்குத்தான பாறை முகட்டில் பெரிய தேனீக்கள் கட்டும் ஒற்றை அடையிலிருந்து பெறப்படுவது. பாறைப் பிளவிலும் மரப்பொந்திலும் அடுக்கடுக்காகக் கூடு கட்டும் சிறிய தேனீக்களின் தேனும் இம்மலைகளில் கிடைக்கும்.

ஒரு பணித்தேனீ தன் ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூவிலிருந்து கொணரும் நீர்த்த இனிப்பைக் கூட்டிலுள்ள தேனீக்கள் வாய்க்கு வாய் மாற்றி, சிறகசைத்து நீரை வற்றச் செய்து, பதம் வந்தபின் மெழுகால் மூடிவைக்கின்றன. அபிஷேகத்திற்கு ஒரு கிண்ணம் தேன் வழங்கும் அடியார், ஆயிரக்கணக்கான உயிர்களின் உழைப்பைத் தம் பேரால் இறைவனுக்கு அர்ப்பணிக்கிறார்.

மனிதரின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. மலைக்குடி இளைஞர், நிலவொளி இல்லாத இரவில் காட்டுக்கொடியால் முறுக்கிய ஏணியில் பாறையிலிருந்து இறங்கிப் புகையிட்டுத் தேனெடுப்பர். மேலே கயிற்றைக் காப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்கவேண்டும் என்பது அவர்களுள் சிலரது மரபு. தங்கை கைம்பெண்ணாவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் அல்லவா? குஞ்சுகள் உள்ள பகுதியை விட்டுவிட்டுத் தேன் உள்ள பகுதியை மட்டும் அறுத்தெடுப்பதே முறையான தேனெடுப்பு. எடுத்த தேனில் முதற்பங்கு தெய்வத்திற்கே.

கடைவீதியில் ஒரு கணக்கு

கோயிலுக்குச் செல்லும் வழியெங்கும் தேன் கடைகள் உண்டு. சில புட்டிகளில் 'குறிஞ்சித் தேன்' என்றும், 'பன்னிரண்டு ஆண்டுத் தேன்' என்றும் எழுதியிருக்கும். முதியவர்கள் இறைவனுக்கென்றும் பேரப்பிள்ளைகளுக்கென்றும் விலை பாராமல் வாங்கிச் செல்கின்றனர். இங்கே நின்று எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே பருவத்தில் கிடைக்கும் தேன், ஆண்டு முழுவதும் எல்லாக் கடைகளிலும் அடுக்கிவைக்கும் அளவுக்கு எப்படிக் கிடைக்கும்? குறிஞ்சியின் இனச் செடிகள் வெவ்வேறு ஆண்டு இடைவெளிகளில் பூப்பதுண்டு. சில சரிவுகளில் முன்பின்னாகப் பூப்பதும் உண்டு. ஆயினும் பெருவிளைச்சல் பூத்த ஆண்டில் மட்டுமே. மற்ற ஆண்டுகளில் கிடைப்பது பல மலர்களின் தேன் கலந்த மலைத்தேன். அதுவும் நற்பொருளே; பெயர்தான் வேறு.

கலப்படமே பெருங்குறை. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்கும் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப்பாகு கலந்திருப்பதாக அறிவித்தது. நிறுவனங்கள் அதனை மறுத்தன. தண்ணீரில் ஒரு சொட்டு விடுவது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் இன்றைய பாகுக் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்க வல்லவை அல்ல. அதேபோல், குளிரில் தேன் உறைந்து மணல்போல் ஆவதைக் கண்டு அது போலி என்று ஒதுக்குவதும் தவறு. தூய தேனும் உறையும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும். அக்மார்க் முத்திரை உள்ளதையோ, மலைக்குடிகளின் கூட்டுறவு அமைப்புகள் விற்பதையோ, எடுத்த பருவமும் இடமும் குறித்திருப்பதையோ வாங்குவது ஓரளவு பாதுகாப்பு.

உடலுக்குத் தேன் தரும் நன்மை

தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இனிப்புச் சத்து. மீதியில் பெரும்பகுதி நீர். இவற்றோடு சிறிதளவு அமிலங்களும் நொதிகளும் மலருக்கு மலர் மாறுபடும் நுண்பொருள்களும் உள்ளன. நிறம், மணம், சுவை ஆகியவை வேறுபடுவது இந்நுண்பொருள்களால்தான். நீர் குறைவாகவும் புளிப்புத்தன்மை சற்று மிகுந்தும் இருப்பதால் தேனில் கிருமிகள் பெருகுவதில்லை. ஒரு நொதியின் செயலால், நீர் சேரும்போது கிருமியை அடக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சிறிதளவு உண்டாகிறது. நியூசிலாந்தின் மண்ணுக்குரிய மனுகா என்னும் செடியின் தேனில் மெத்தில்கிளையாக்சால் என்னும் பொருள் மிகுந்திருப்பதை 2008ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். அதன்பின் அத்தேனின் புகழும் விலையும் உலகெங்கும் உயர்ந்தன. ஒரு நாட்டின் சொந்த மலர் அந்நாட்டுத் தேனுக்குத் தனிக்குணம் தருவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் தேன் இதம் தரும் என்பதை நம் பாட்டிமார் சொல்லி வந்தனர். இன்றைய மருத்துவமும் அதனை ஏற்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளைக் குழைத்து உண்ணும் அனுபானமாகவும் தேன் பயன்படுகிறது. தேனைக் காய்ச்சலாகாது, நெய்யோடு சம எடையில் சேர்க்கலாகாது என்பன ஆயுர்வேத விதிகள். சூடேற்றினால் நொதிகள் செயலிழக்கும் என்பது அறிவியல் கூறும் காரணம். ஆகவே காலையில் தேன்நீர் பருகுவோர் கொதிநீரில் கலவாமல், வெதுவெதுப்பான நீரில் கலப்பதே முறை.

தோலுக்கும் தேன் நன்மை செய்யும். ஈரத்தை ஈர்த்துவைத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. முதுமையில் தோலின் எண்ணெய்ப்பசை குறைந்து, மலைக்குளிரிலும் மார்கழிப் பனியிலும் கைகால் வறண்டு வெடிக்கும். அரைத் தேக்கரண்டித் தேனைத் தோலில் மெல்லத் தடவி, பத்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் காயுமுன் சிறிது தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால் வறட்சி தணியும். வெடித்த உதட்டிற்கும் இது பொருந்தும். மகரந்தம் ஒவ்வாதவர்கள் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். சுருக்கம் மறையும், நிறம் மாறும் என்ற விளம்பரங்களை நம்பிப் பொருள் இழக்கவேண்டியதில்லை.

புண்ணுக்குத் தேன் இடுவதும் பழம்பெரும் மருத்துவமே. மிக ஆழமில்லாத தீக்காயங்கள் தேன் கட்டுப் போடுவதால் விரைந்து ஆறுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மருத்துவமனைகள் பயன்படுத்துவது காமாக் கதிரால் கிருமி நீக்கிய தேன். கடைவீதித் தேன் அத்தகையது அன்று. சர்க்கரை நோயாளர் காலில் சிறு புண் தோன்றினாலும், அதில் தேனைத் தடவி வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். காத்திருந்த சில நாள்களில் காலையே இழக்க நேரிடலாம்.

பழனிக்கு இறங்கும் பாதை

குறிஞ்சி ஆண்டவரைத் தரிசித்தவர்கள் பெருமாள்மலை வரை வந்து, அங்கே பிரியும் மலைப்பாதையில் பழனிக்கு இறங்கலாம். கொடைக்கானலிலிருந்து பழனி சுமார் 65 கிலோமீட்டர். வளைவுகள் மிகுந்த பாதையாதலால் வயதானவர்கள் வெறும் வயிற்றிலும் பயணம் செய்யலாகாது, வயிறு நிறைய உண்டும் பயணம் செய்யலாகாது. காப்பித் தோட்டங்களையும் மலைவாழைத் தோட்டங்களையும் கடந்து, அடிவாரத்தில் வரதமாநதி அணையைக் கண்டு, சமவெளியை அடைந்ததும் தண்டாயுதபாணியின் மலைக்கோயில் கண்முன் தோன்றும். படியேற இயலாதவர்களுக்கு இழுவை ரயிலும் ரோப்காரும் உள்ளன.

பழனி என்றவுடன் நினைவுக்கு வருவது பஞ்சாமிர்தம். மலையில் விளையும் விருப்பாச்சி வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றோடு பேரீச்சையும் கற்கண்டும் சேர்த்து, ஒரு சொட்டு நீரும் விடாமல் செய்யப்படும் இப்பிரசாதத்திற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையின் கனியும் மலையின் தேனும் மலைக்கடவுளின் திருமேனியில் அபிஷேகமாகி, அடியார் கைக்கு வருகின்றன. இதனை வாங்காமல் பழனியிலிருந்து திரும்புவோர் இல்லை.

இங்கே பெரியோர் மனத்தில் இருத்தவேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, சர்க்கரை நோய் பற்றியது. 'சர்க்கரைதான் ஆகாது, தேன் ஆகும்' என்று எண்ணுவோர் உண்டு. 100 கிராம் தேனில் 80 கிராம் வரை இனிப்பே உள்ளது. அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பிரசாதம் என்பது அளவால் பெருமை பெறுவதன்று. விரல் நுனியில் தொட்டு நாவில் வைத்தாலும் அருள் முழுமையாகவே கிட்டும்.

இரண்டாவது செய்தி இதனினும் முக்கியமானது. குழந்தை பிறந்தவுடன் சேனை வைப்பது என்று, குடும்பத்தில் மூத்தவர் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பழனியிலிருந்து வந்த பஞ்சாமிர்தத்தை, 'சாமி பிரசாதம், ஒன்றும் செய்யாது' என்று கைக்குழந்தையின் வாயில் பாட்டி வைப்பதும் உண்டு. அன்பினால் செய்யும் இச்செயல் ஆபத்தாக முடியலாம். மண்ணில் இயல்பாக உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் தேனில் கலந்திருக்கக்கூடும். வளர்ந்தவர் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து, நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளரச் செய்கின்றன. மலச்சிக்கல், பால் உறிஞ்ச இயலாமை, குரல் மெலிந்த அழுகை, தலை நிற்காமை எனத் தொடங்கி, மூச்சு நின்றுபோகும் நிலை வரை அது செல்லக்கூடும். தேன் தூயதா, கலப்படமா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வீட்டில் காய்ச்சினாலும் அவ்வித்துகள் அழிவதில்லை. ஆகவே ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தேனையோ தேன் சேர்ந்த பிரசாதத்தையோ துளியும் தரலாகாது என்பதே மருத்துவர்கள் ஒருமுகமாகக் கூறும் அறிவுரை.

இதனால் குழந்தைக்கு இறையருள் குறைந்துவிடுமோ என்று முதியோர் கலங்கவேண்டாம். நெற்றியில் திருநீறு இடலாம். பிரசாதத்தைத் தாய் உண்ணலாம். அதனால் பாலுண்ணும் குழந்தைக்குத் தீங்கில்லை. ஆண்டு நிறைந்தபின் ஒரு முருகன் சந்நிதியில் முதன்முதலாகப் பஞ்சாமிர்தத்தைத் தொட்டு வைத்தால், அந்நாளே அக்குடும்பத்திற்கு ஒரு திருநாளாக அமையும். காத்திருந்து பெறுவதன் அருமையைக் குறிஞ்சி மலரே கற்பிக்கிறதல்லவா?

மலர் நிலைக்க

சென்ற நூற்றாண்டில் பழனி மலைகளின் புல்வெளிகளில் தைலமரமும் பைனும் சீகை மரமும் பெருமளவில் நடப்பட்டன. குறிஞ்சிக்கு வெயில் படும் திறந்த சரிவு வேண்டும். அயல்மரங்களின் நிழலில் அது தழைப்பதில்லை. 2018இல் பூத்த விதைகளிலிருந்து முளைத்த செடிகள் இப்போது பச்சைப் புதர்களாய், பூவின் அடையாளம் எதுவுமின்றி நிற்கின்றன. அறியாதவர் கண்ணுக்கு அவை வெறும் புதர்களே. அவற்றை மிதித்தும் வெட்டியும் தீமூட்டியும் அழித்தால் 2030இல் பூக்க ஒன்றும் மிஞ்சாது. மலர் இல்லையேல் குறிஞ்சித் தேன் இல்லை. குறிஞ்சி ஆண்டவருக்கு அவன் பெயருக்குரிய மலரும் இல்லை.

ஆகவே அடுத்தமுறை இம்மலையேறும் அடியார்கள் செய்யத்தக்கன சில உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள செடிகளைப் பறியாதிருத்தல்; நெகிழிப் பையைச் சரிவில் எறியாதிருத்தல்; பெயரைக் கண்டு மயங்காமல் நல்ல தேனை அளவோடு வாங்கி, அதில் முதற்பங்கை அபிஷேகத்திற்குத் தருதல். வீடு திரும்பியபின், பேரன் பேத்திகளைப் பெற்ற மகளுக்கும் மருமகளுக்கும் மேலே கண்ட எச்சரிக்கையை எடுத்துச் சொல்லுதலும் அத்தரிசனத்தின் பயனே ஆகும்.

2030ஆம் ஆண்டில் மலை மீண்டும் நீலப் பட்டுடுத்தும். அவ்வழகைக் கண்ணாரக் காணவும், அன்று எடுக்கும் புதுத்தேனால் தன் திருமேனி குளிர்வதைத் தரிசிக்கவும் குறிஞ்சி ஆண்டவர் தம் அடியார் அனைவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் தந்தருள்வாராக!